ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
9.10.2023

அன்புள்ள திரௌபதிக்கு அண்ணி சந்திரகலா எழுதுவது. நீ நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். பதிலை வீட்டு முகவரிக்கே போடு, ஓட்டலுக்கு வேண்டாம்.

ஆவணியில் எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சல் வந்ததல்லவா? இவருக்கும் வந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்துச் சிக்குன்குனியா என்றார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, வலி இறங்கவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் வெண்டைக்காய் மாதிரி விறைத்து நிற்கின்றன. மாவு பிசைந்தால் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிற கூட்டம் நம் புரோட்டாவுக்கென்றே நிற்கும், உனக்குத் தெரியும். போன திங்கள் அவர் வீசிய மாவு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் சிரித்தார். நான் குனிந்து மாவை அள்ளினேன்.

நீ இத்தனை வருஷமாகச் செய்வது இந்த நோய்க்கான மருந்துதானே? "என் தங்கச்சி ஐதராபாத்துல இதுக்குத்தான் மருந்து கண்டுபிடிக்குது" என்று சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது எப்போது வரும்? அதற்குப் பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் எழுது. கோயிலில் அர்ச்சனை செய்யப் போகிறேன். புது வண்டிக்குச் செய்கிறோம், மருந்துக்குச் செய்தால் என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சந்திரகலா


ஐதராபாத்,
20.10.2023

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணனைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால்தான் கோபித்துக்கொண்டிருப்பேன்.

என் வேலையை ஒருமுறை அண்ணனுக்குச் சொன்னேன். ஒரு சரக்கைச் செய்து, கிருமி மேல் போட்டுப் பார்த்து, சரியாக வரவில்லையென்றால் அதில் ஒரு அணுவை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து மறுபடி செய்வது. "சால்னாவுல உப்பு பாக்கிற மாதிரி" என்றார். அவ்வளவுதான், அதைவிடச் சரியாக நானும் சொல்ல முடியாது. நாங்கள் செய்வதற்கெல்லாம் எண்தான், பெயர் கிடையாது. நானூற்றுக்கும் மேலே கழித்துப்போட்ட பிறகு, 417 என்று ஒன்று தேறியிருக்கிறது. எலியில் நன்றாக வேலை செய்தது. இப்போது நாய்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது முடிந்தால்தான் மனிதர்.

அது முதன்முதலில் வெள்ளைத் தூளாக என் கையில் கிடைத்த தேதியைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நட்சத்திரத்தை நீங்களே பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் மேலாளருக்குத் தெரிந்தால் சிரிப்பார், தெரியப்போவதில்லை.

அண்ணனை வேலூரில் நல்ல மூட்டு டாக்டரிடம் உடனே காட்டுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

திரௌபதி


வேங்கிக்கால்,
6.11.2023

அன்புள்ள திரௌபதிக்கு, உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, அதற்கு இப்போது யார் கவலைப்பட்டார்கள்.

உன் மருந்துக்கு விசாக நட்சத்திரம். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயர் கேட்டார். நானூற்றுப் பதினேழு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "மருந்துங்க சாமி, எங்க நாத்தனார் செய்யறது" என்றேன். தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். கோத்திரம் தெரியாது என்றேன், சிவ கோத்திரம் என்று போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். மாதாமாதம் விசாகத்துக்குப் போவதாக வேண்டிக்கொண்டேன்.

நீ சொன்னபடி வேலூருக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர். காய்ச்சல் போனாலும் மூட்டுக்குள் வீக்கம் தங்கிவிட்டது, விட்டால் விரல் கோணிக்கொள்ளும் என்றார். வாரத்துக்கு ஒன்று என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், மற்ற நாளைக்குச் சத்து மாத்திரை. இவர் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தார். அங்கேயே இருக்கிறது. கேட்டால் என்ன சொல்கிறார் தெரியுமா? "வீட்டுல சமைச்சு வெச்சிருக்கும்போது எவனாவது கடையில போய்த் தின்னுவானா? என் தங்கச்சி மருந்து வரட்டும். நானே வேற மருந்தைத் தின்னா அதுக்கு என்னா மரியாதை?"

நீ சொன்னால்தான் கேட்பார். சொல்லேன்.

அன்புடன்,
சந்திரகலா


ஐதராபாத்,
16.11.2023

அன்புள்ள அண்ணிக்கு, நலம். தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு மன்னியுங்கள்.

கடிதம் கிடைத்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். டாக்டர் கொடுத்ததைச் சாப்பிடச் சொன்னேன், கெஞ்சினேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ அவசரப்பட்டு எதையும் கெடுத்துக்காதம்மா, நான் காத்திருக்கேன்" என்றார். என் மருந்து தாமதமாவதற்கு நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்கிறார், அண்ணி. போனை வைத்துவிட்டேன்.

மருந்து வர வருஷங்கள் ஆகும் என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதுவரை விரல் காத்திருக்காது.

நீங்கள் அர்ச்சனை செய்த விஷயத்தை இரண்டு முறை படித்தேன்.

திரௌபதி


வேங்கிக்கால்,
2.12.2023

அன்புள்ள திரௌபதிக்கு ஆசிகள். இங்கே மழை, குளிர். நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா?

தீபம் நல்லபடியாக முடிந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். வருஷா வருஷம் அந்த நாட்களில் அவர் கல்லை விட்டு நகர மாட்டார். முட்டை வாசமே இல்லாமல் புரோட்டாவும் குருமாவும் மட்டும் போட்டு, வருகிறவர் வயிறு நிறைவதைப் பார்ப்பதுதான் அவருக்குச் சாமி கும்பிடுவது. இந்த வருஷம் மணி என்று ஒரு மாஸ்டரைச் செங்கத்திலிருந்து வரவழைத்தோம். இவர் கல்லாவில் உட்கார்ந்து மணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து போனார். தேடிக்கொண்டு போனால் பின்கட்டில் ஒரு உருண்டை மாவை வைத்துக்கொண்டு தட்டிப் பார்க்கிறார். அதற்குமேல் விரல் வரவில்லை. என்னைப் பார்த்ததும் மாவு நன்றாக ஊறியிருக்கிறதா என்று பார்த்தேன் என்றார்.

சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அதை யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். நாய்க்குக் கொடுக்கிறீர்களே, அதில் கொஞ்சம் எடுத்துவர முடியாதா? மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும்போது தன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளவாம். செத்தாலும் பரவாயில்லை, உன் மேல் கேஸ் வராதபடி கையெழுத்துப் போட்டுத் தருகிறாராம். கையெழுத்துப் போடும் கை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
சந்திரகலா


ஐதராபாத்,
18.12.2023

அன்புள்ள அண்ணிக்கு, எப்படி இருக்கிறீர்கள்? முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் எழுத உட்கார்ந்து வேறு எதையோ எழுதிவிட்டேன்.

417 அண்ணனுக்கு உதவாது. நாளைக்கே கடைக்கு வந்தாலும் உதவாது. அது கிருமியைக் கொல்லும் மருந்து. காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில், கிருமி இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால்தான் பலன். அண்ணன் உடம்பில் இப்போது அந்தக் கிருமி இல்லை. அது மூட்டிவிட்டுப் போன சண்டை மட்டும்தான் மூட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. அதை அடக்குவது வேலூர் டாக்டர் கொடுத்த பழைய, மலிவான மாத்திரைதான். வேறு வழி இல்லை.

அவர் எனக்காகக் காத்திருக்கிறார், நான் அவருக்கானதைச் செய்யவே இல்லை. இதைப் போனில் அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள் அண்ணி. எப்படியாவது சொல்லி, அந்த மாத்திரையைச் சாப்பிட வையுங்கள்.

திரௌபதி


ஐதராபாத்,
5.2.2024

அன்புள்ள அண்ணிக்கு, நலம்தானே? பொங்கலுக்கு முன்பிருந்து உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அண்ணனிடம் பேசினால் எல்லோரும் ஜோராக இருப்பதாகச் சொல்கிறார், குரலில் ஏதோ குஷி. என் மேல் கோபமா? கோபமென்றால் அதையாவது எழுதுங்கள்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. நாய்களுக்கு ஈரல் கெட்டுவிட்டது. கூட்டம் போட்டார்கள், தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். 417 நின்றுபோனது. சிக்குன்குனியா பிரிவையே மூடுகிறார்கள். ஏழைகளுக்கு வரும் நோய், லாபமும் கம்மி, அதோடு ஈரல் வேறு என்றால் யார் தொடர்வார்கள்? எனக்கு வயிற்று எரிச்சல் மாத்திரை ஒன்றை இன்னும் சுலபமாகத் தயாரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

படிப்பை முடித்ததிலிருந்து இதே வேலைதான். முதலில் ஒரு கிருமி, பிறகு இன்னொன்று, பிறகு இது. நான் செய்த எதுவும் இதுவரை ஒரு மனிதர் வாய்க்குள் போனதில்லை, அண்ணி. எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான் ஓய்வு பெறுகிறார்கள். தெரிந்துதான் வந்தேன், ஆனாலும் கூட்டம் முடிந்து கழிவறைக்குப் போய் அழுதேன்.

அர்ச்சனையை நிறுத்திவிடுங்கள்.

திரௌபதி


வேங்கிக்கால்,
21.2.2024

அன்புள்ள திரௌபதிக்கு, உன் மேல் எனக்கு என்ன கோபம்? பயத்தில்தான் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்து நானும் அழுதேன். அர்ச்சனையை நிறுத்தச் சொல்கிறாய். இந்த மாதம் போனபோது குருக்களே என்னைப் பார்த்து விசாகம், சிவ கோத்திரம் என்று ஆரம்பித்துவிட்டார். இனி எப்படி நிறுத்துவது?

நீ மார்கழியில் எழுதியதை அவரிடம் சொல்லத்தான் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, சொம்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்னா எழுதியிருக்குது?" என்றார். என் வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது. "மருந்து அனுப்பியிருக்குது, யாருக்கும் தெரியக்கூடாதாம்" என்று சொல்லிவிட்டேன்.

வேலூர் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று என் கையால் கொடுக்கிறேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறார். இரத்தப் பரிசோதனை உன் ஆபீசுக்கு அனுப்ப என்று சொல்லி வேலூருக்குக் கூட்டிப் போகிறேன். டாக்டரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொல்லிவிட்டேன்.

விரல் மடங்க ஆரம்பித்திருக்கிறது திரௌபதி. போன வாரம் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார்.

திட்டுவதென்றால் திட்டு.

சந்திரகலா


ஐதராபாத்,
1.3.2024

அண்ணிக்கு, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் நிதானத்தில் நான் இல்லை. விரல் மடங்குகிறது என்று படித்ததும் சந்தோஷம், மறு நிமிஷம் அந்தப் புட்டியை நினைத்து உயிரே போய்விட்டது. நீங்கள் செய்திருப்பது ஆபத்து. அந்த மாத்திரையை வாரத்துக்கு ஒன்றுதான் தாங்க முடியும். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினம் எடுத்துப் போட்டுக்கொண்டால் வாய் வெந்துபோகும், இரத்தம் ஊறுவது நின்றுவிடும். ஆளே போய்விடலாம். பெயர் இல்லாத புட்டியில் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் செய்யாததை நான் செய்ததாக அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரௌபதி


வேங்கிக்கால்,
12.3.2024

அன்புள்ள திரௌபதிக்கு, நலம். புட்டியைப் பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

உண்மையைச் சொல்ல என்னால் ஆகாது. டாக்டரைக் கேட்டேன். நடுவில் விட்டால் பழையபடி வீங்கும், கோணிக்கொண்ட பிறகு நிமிர்த்த யாராலும் முடியாது என்கிறார். உன் மருந்து இல்லை என்று தெரிந்தால் இவர் அடுத்த ஞாயிறே விட்டுவிடுவார். அவரை எனக்குத் தெரியும். சொல்லத்தான் வேண்டுமென்றால் நீ வா. வந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொல். நான் தடுக்க மாட்டேன்.

அன்புடன்,
சந்திரகலா


வேங்கிக்கால்,
26.4.2024

என் அருமைத் தங்கை திரௌபதிக்கு அண்ணன் சுப்பிரமணி ஆசீர்வதித்து எழுதுவது. நீ நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், சிரிக்காதே. நான் பேனா பிடித்து எட்டு மாசம் ஆகிறது. முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன்.

சித்ரா பௌர்ணமிக்கு நானே கல்லில் நின்றேன். முழுசாக இல்லை, பாதி நேரம் மணிதான் போட்டான். ஆனால் மாவை வீசினேன் திரௌபதி. பழைய அகலம் வந்தது. உன் அண்ணி ஓரமாக நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் சொல்லக்கூடாது என்று நீ சொன்னதாக அவள் சொன்னாள். சொல்லவில்லை. மனு எழுதுகிற இராமலிங்கத்திடம் மட்டும் சொன்னேன். அவனும் என்னைப் போலவே காய்ச்சல் கண்டு முழங்கால் போய்க் கிடக்கிறான். அவனுக்கு ஒன்று கொடு என்றால் உன் அண்ணி சாவியைத் தர மாட்டேன் என்கிறாள். நீ அவளுக்கு ஒரு வார்த்தை எழுது. நல்லது நாலு பேருக்குப் போகட்டுமே. உன் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டலாம் என்றும் இருக்கிறேன்.

இராமலிங்கம் ஒன்று கேட்கிறான், எனக்கும் தெரிய ஆசை. நாய்க்குக் கொடுத்த பிறகு, மனுஷரில் இதை முதலில் சாப்பிட்ட ஆள் நான்தானா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சுப்பிரமணி


ஐதராபாத்,
7.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். உன் கையெழுத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மாத்திரை ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அண்ணி கையால்தான். குணம் தெரிகிறது என்று கூடப் போட்டுக்கொள்ளாதே, வலி இல்லை என்று நிறுத்தாதே. வேலூர் டாக்டர் சொல்லும்போதெல்லாம் இரத்தம் கொடு. அவர் எனக்குத் தெரிந்தவர் மாதிரிதான், அவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்று.

இராமலிங்கத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது. இது உன் உடம்புக்கென்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது, அவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கே அவரை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அவருக்கானதை டாக்டர் எழுதித் தருவார். என் படத்தை மாட்ட வேண்டாம். ஆபீசில் தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து. மருந்துக்குப் பெயர் கேட்டால் இன்னும் வைக்கவில்லை என்று சொல்.

அண்ணியிடம் சாவி இருக்கட்டும். அவர் சொல்படி கேள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. ஆமாம் அண்ணா, முதலில் சாப்பிட்டது நீதான்.

இப்படிக்கு,
உன் தங்கை
திரௌபதி